உறையும் துணையும்

தொண்டை நாட்டின் வட பகுதியில் திருத்தணிகை என்னும் மலைப்பதி அமைந்துள்ளது. முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாக இதனை மக்கள் போற்றுவர். மலைமேல் உள்ள கோயிலை அடைதற்கு 365 படிகள் உள்ளன. ஆண்டின் நாட்களை அவை குறிக்கும் என்பர் பெரியோர். இவ்வூர் முன்னர் ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று தமிழகத்தோடு இணைந்தது. ஆதலின் இவ்வூர்த் தெருக்களில் இன்றும் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கக் கேட்கலாம்.

அந்திப் பொழுதில் இவ்விரு மொழியார் இல்லங்களிலும் ஒரே செயல் நிகழும். காய்ச்சிய பாலை ஆறவைத்து, இளஞ்சூட்டில் அதனுள் சிறிது மோர் விட்டு மூடிவைப்பர். மறுநாட் காலையில் அது தயிராகிவிடும். அச்சிறிதளவு மோரைத் தமிழர் ‘உறை’ என்பர். தெலுங்கர் ‘தோடு’ என்பர். உறைதல் என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் கட்டியாதல் என்பது ஒரு பொருள். தங்கி வாழ்தல் என்பது மற்றொரு பொருள். தோடு என்னும் தெலுங்குச் சொல்லுக்கோ துணை என்னும் பொருளும் உண்டு. அடுக்களையில் வழங்கும் இவ்விரு சொற்களும், பிறந்த குழந்தையின் உயிரைப் பற்றிய ஓர் உண்மையை எனக்கு உணர்த்தின. அதனை ஈண்டுக் கூறுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐப்பசித் திங்களில் மழை விடாது பெய்த ஓர் இரவில், என் மகள் குறித்த நாளுக்கு ஏழு வாரம் முன்னதாகவே ஒரு பெண்மகவை ஈன்றாள். குழந்தையின் எடை 1,600 கிராமே இருந்தது. என் உள்ளங்கையில் அதன் தலையும் முதுகும் அடங்கிவிடும் போலத் தோன்றிற்று. மருத்துவமனையில் அதனைக் கண்ணாடிப் பேழை ஒன்றினுள் கிடத்தி, வெப்பம் குறையாதவாறு காத்தனர். “ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்பார்களே, தம்பி!” என்று என் தமக்கையார் கண்கலங்கினார். அவ்வழக்குமொழி உண்மையன்று என்று மருத்துவர் தெளிவுபடுத்தினார். தாயின் வயிற்றில் குழந்தை தங்கும் ஒவ்வொரு வாரமும் அதற்கு வலிமையே தரும். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையைவிட எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கே பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

மறுநாள் என் தமக்கையார் சிறு கிண்ணத்தில் தேன் கொண்டுவந்தார். “எங்கள் குடும்பத்தில் பிறந்த பிள்ளைகள் அனைவருக்கும் முதலில் தேனைத்தான் நாவில் தடவினோம். ஒரு துளி போதும், அம்மா” என்று செவிலியரை வேண்டினார். அச்செவிலியர் எல்லைக்கு அப்பாலுள்ள நகரியைச் சேர்ந்தவர். அவர் சினந்து பேசவில்லை. என் தமக்கையாரின் கையைப் பற்றிக்கொண்டு, “பாட்டி, பாலுக்குத் தோடு இட்ட பிறகு அந்தப் பாத்திரத்தில் வேறெதையேனும் போடுவீர்களா? இக்குழந்தையின் வயிறும் இன்று தோடு இடும் பாத்திரந்தான். அதில் முதலில் விழவேண்டியது இதன் தாயின் பால். மற்றவை வேண்டா” என்றார். என் தமக்கையார் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர்க் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

அச்செவிலியர் கூறிய உவமையின் ஆழத்தைப் பின்னர் நூல்களைப் பயின்றே யான் உணர்ந்தேன்.

நுண்ணுயிர் என்றதும் நாம் நோயை எண்ணி அஞ்சுகின்றோம். நோய் செய்யும் நுண்ணுயிர்கள் உள்ளன என்பது மெய்யே. ஆயினும் நம்மோடு வாழ்ந்து நமக்கு நலம் செய்யும் நுண்ணுயிர்களும் எண்ணிறந்தன. வளர்ந்த மனிதன் ஒருவனின் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அவற்றுட் பெரும்பாலன குடலில் உறைகின்றன. அவை நாம் செரிக்க இயலாதவற்றைச் செரித்துத் தருகின்றன. குடற்சுவருக்கு ஊட்டம் அளிக்கின்றன. தீய நுண்ணுயிர்கள் குடியேற இடங்கொடாமல் காக்கின்றன. நட்பு எது, பகை எது என்று பிரித்தறிய உடலின் காவற்படையைப் பயிற்றுகின்றன.

இத்துணைவர்கள் நம்மிடம் எவ்வாறு வந்தனர்? கருவில் இருக்கும் குழந்தையின் குடலில் இவற்றின் குடியிருப்பு இல்லை. பிறக்கும்போது தாயின் உடலினின்றும், பிறந்தபின் தாயின் தோலினின்றும் பாலினின்றும் அவை குழந்தையை வந்தடைகின்றன. காய்ச்சிய பாலில் உறை விழுவது போன்ற நிகழ்ச்சியே இது.

பாரிசு நகரில் உள்ள பாசுடர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஆன்றி திசியே என்னும் மருத்துவர், 1899 ஆம் ஆண்டையொட்டி, தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தார். அதில் கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்த வடிவுடைய பாக்டீரியாக்கள் நிறைந்திருக்கக் கண்டார். அவற்றையே இன்று பிஃபிடோபாக்டீரியா என்று அழைக்கின்றோம். அதே நிலையத்தில் இருந்தவரும், 1908 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவருமாகிய எலி மெச்னிக்கோவ், தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் குடலுக்கு நன்மை பயக்கும் என்னும் கருத்தை உலகெங்கும் பரப்பினார். தக்க அளவில் உட்கொண்டால் உடலுக்கு நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிர்களை இன்று மருத்துவர்கள் ‘புரோபயாட்டிக்’ என்பர். ‘நலம் தரும் நுண்ணுயிர்’ என்று நாம் அதனைக் கூறலாம்.

தாய்ப்பாலின் அமைப்பை ஆராய்ந்தோர் வியப்பூட்டும் செய்தி ஒன்றைக் கண்டனர். பாலில் உள்ள திண்பொருள்களுள் லாக்டோசு என்னும் பாற்சர்க்கரை முதலிடம் பெறும். கொழுப்பு அடுத்து வரும். மூன்றாம் இடம் பெறுவன நூற்றுக்கு மேற்பட்ட வகையினவாகிய சர்க்கரைத் தொடர்கள். இத்தொடர்களைக் குழந்தையால் செரிக்க இயலாது. அங்ஙனமாயின் தாயின் உடல் அரிதின் முயன்று அவற்றை ஆக்குவது யார்பொருட்டு? குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியாக்களின் பொருட்டே ஆகும். அவை இத்தொடர்களை உண்டு பெருகி, அமிலங்களை உண்டாக்குகின்றன. அவ்வமிலத்தில் தீய நுண்ணுயிர்கள் பல தழைப்பதில்லை. தாய் தன் மகவுக்கு ஊட்டும்போதே, அம்மகவின் துணைவர்க்கும் சேர்த்து ஊட்டுகின்றாள். இவ்வறம் நம் விருந்தோம்பலினும் பழைமையானது அன்றோ?

இனிக் குறைமாதக் குழந்தைகளின் நிலையைக் காண்போம். முப்பத்தேழு வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் அவ்வாறு பிறந்தன. அவற்றுள் ஏறத்தாழ 30 இலட்சம் நம் நாட்டிற் பிறந்தவை. ஐந்து வயதிற்குள் குழந்தைகள் இறத்தற்குரிய காரணங்களுள் குறைமாதப் பிறப்பே உலகளவில் முதன்மையானது.

இக்குழந்தைகளின் குடற்சுவர் மென்மையானது, முதிர்ச்சி பெறாதது. இவர்களுட் பலர் அறுவை மருத்துவத்தால் பிறக்கின்றனர். பிறந்த உடனே தாயைப் பிரிந்து பேழைக்குட் செல்கின்றனர். நோயைத் தடுத்தற்பொருட்டு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பெறுகின்றனர். இவை உயிர் காக்கும் செயல்களே. ஆயினும் இவற்றால் தாயிடமிருந்து வரவேண்டிய உறை தாமதமாகின்றது. உறை விடாது வைத்த பாலில் கண்ட கண்ட நுண்ணுயிர்கள் புகுந்து அதனைக் கெடுத்துவிடுதல் நாம் அறிந்ததே. அதுபோலக் காலியாக உள்ள குடலில் மருத்துவமனைச் சூழலில் திரியும் கொடிய நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டு குடியேறிவிடக் கூடும். அவை மெல்லிய குடற்சுவரைக் கடந்து இரத்தத்திற் புகுந்தால் குருதித்தொற்று உண்டாகும். சில குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி அழன்று நசிந்து போகும் நோயும் நேரும். வயிறு வீங்குதலும், பாலை ஏற்காமையும், மலத்தில் குருதி காணுதலும் அதன் அறிகுறிகள். சிலபோது அறுவை மருத்துவம் செய்தும் உயிர் காக்க இயலாமற் போவதுண்டு.

இக்கேட்டைத் தடுக்கும் முதன்மையான அரண் தாய்ப்பால். இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 1990 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியாயிற்று. புட்டிமாப்பால் மட்டுமே உண்ட குழந்தைகளுக்கு, தாய்ப்பால் மட்டுமே உண்டவர்களைக் காட்டிலும் ஆறு முதல் பத்து மடங்கு மிகுதியாகக் குடல் நசிவு நோய் கண்டது என்று அது கூறிற்று. பெற்ற தாய்க்குப் பால் போதாதபோது பிற தாயர் ஈந்த பாலைக் கொடுத்தற்கெனத் தாய்ப்பால் வங்கிகள் தோன்றியுள்ளன. 1989 ஆம் ஆண்டில், பம்பாயில் சயான் பகுதியில் உள்ள மருத்துவமனையில், டாக்டர் அர்மிடா பெர்னாண்டசு என்னும் அம்மையார் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை நிறுவினார். சென்னை எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் மருத்துவமனையில் 2014 ஆம் ஆண்டில் அத்தகைய வங்கி தொடங்கப்பெற்றது. ஈந்த பாலை 62.5 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்துத் தூய்மை செய்வர். அவ்வெப்பத்தில் தீய நுண்ணுயிர்களோடு நல்லனவும் மடியும். எனினும் முன்னர்க் கூறிய சர்க்கரைத் தொடர்கள் அழியாமல் நிற்கும்.

நல்ல நுண்ணுயிர்களையே மருந்தாக்கிக் குழந்தைக்குக் கொடுத்தால் என்ன என்னும் வினா இங்கே எழும். அதற்கு விடை காணும் பெரியதொரு முயற்சி நம் நாட்டிலேயே நடைபெற்றது. ஆந்திரத்திற்கு வடக்கே உள்ள ஒடிசா மாநிலத்தின் 149 சிற்றூர்களில், பினாகி பாணிக்கிரகி என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் 4,556 குழந்தைகளைக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். இக்குழந்தைகள் முப்பத்தைந்து வாரமேனும் கருவில் இருந்தவர்கள், இரண்டு கிலோகிராமேனும் எடையுடையவர்கள், தாய்ப்பால் உண்டவர்கள். ஒரு பாதியினர்க்கு, பிறந்த சில நாட்களுக்குள் தொடங்கி ஏழு நாட்கள், லாக்டோபாசில்லசு பிளாண்டாரம் என்னும் பாக்டீரியாவையும் அதற்கு உணவாகும் ஒருவகைச் சர்க்கரைத் தொடரையும் கொடுத்தனர். மறு பாதியினர்க்கு அவை இல்லாத வெறும் பொடியைக் கொடுத்தனர். எது மருந்து, எது வெறும் பொடி என்பது பெற்றோர்க்குத் தெரியாது. அந்த பாக்டீரியா புளிக்கவைத்த காய்கறிகளில் காணப்படுவது. அச்சர்க்கரைத் தொடர் வெங்காயத்திலும் வாழைப்பழத்திலும் உள்ளது. நம் அடுக்களைக்கு அயலானவை அல்ல அவை.

இவ்வாய்வின் முடிவு 2017 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அறுபது நாட்களுக்குள், வெறும் பொடி பெற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு 9 பேர் குருதித்தொற்று உற்றனர் அல்லது இறந்தனர். நல்ல நுண்ணுயிரைப் பெற்றவர்களுள் அத்தொகை நூற்றுக்கு 5.4 ஆகக் குறைந்தது. பத்திற்கு நான்கு பங்கு துன்பம் நீங்கியது என்பது இதன் பொருள். ஏழு நாள் கொடுத்த எளிய மருந்தால் இத்துணை நன்மை விளைந்தது கண்டு உலக மருத்துவர்கள் வியந்தனர்.

ஆயினும், மாணவர்களே, அறிவியல் ஒரு வெற்றியைக் கண்டு அமைதி அடைவதன்று. ஒடிசாவில் ஆராயப்பட்டவர்கள் மிகச் சிறிய குழந்தைகள் அல்லர். முப்பத்திரண்டு வாரத்திற்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு இம்முறை பயன்படுமா? ஆசுதிரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,099 குழந்தைகளுக்கு மூவகை நுண்ணுயிர்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் கொடுத்துப் பார்த்தனர். 2013 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், குடல் நசிவு நோய் நூற்றுக்கு 4.4 என்பதினின்றும் 2 ஆகக் குறைந்தது. குருதித்தொற்றோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இங்கிலாந்தில் 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வேறொரு நுண்ணுயிரை மட்டும் கொடுத்து ஆராய்ந்தனர். 2016 ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு, பயன் ஒன்றும் காணவில்லை என்பதே. எல்லா மோரும் நல்ல உறை ஆவதில்லை என்பதை இல்லத்தரசியர் அறிவர். நுண்ணுயிர்களுள்ளும் ஒன்றன் பண்பு மற்றொன்றற்கு இல்லை என்பதை மருத்துவர்கள் இவ்வாறு கற்றனர்.

இதில் இடர் ஒன்றும் உண்டு. நல்ல நுண்ணுயிரும் தனக்குரிய இடமாகிய குடலை விட்டு இரத்தத்திற் புகுந்தால் பகையாகும். 2023 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், ஆயிரம் கிராமுக்கும் குறைந்த எடையோடு பிறந்த குழந்தை ஒன்று, தனக்குக் கொடுக்கப்பட்ட அதே நுண்ணுயிரால் குருதித்தொற்று உற்று இறந்தது. அந்நாட்டு உணவு மருந்து ஆணையம் மருத்துவர்களை எச்சரித்தது. இவற்றையெல்லாம் சீர்தூக்கியே உலக நல நிறுவனம் 2022 ஆம் ஆண்டில் வகுத்த நெறியில், முப்பத்திரண்டு வாரத்திற்கு முன் பிறந்து தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளுக்கு இம்மருந்தைக் கருதலாம் என்றும், பெற்றோர்க்கு நன்மை தீமைகளை விளக்கி அவர்களோடு கலந்து முடிவு செய்தல் வேண்டும் என்றும் கூறியது. ‘கொடுத்தே தீர வேண்டும்’ என்று அது கூறவில்லை.

அங்ஙனமாயின் வீட்டில் உறைந்த தயிரைக் குழந்தைக்குக் கரைத்து ஊட்டலாமோ என்று எவரேனும் வினவலாம். கூடாது. தயிரில் எந்நுண்ணுயிர் எத்துணை உள்ளது என்பதை எவரும் அளந்து கூற இயலாது. பசுவின் பாலை ஏற்கும் வலிமையும் அக்குடலுக்கு இல்லை. உறை என்னும் உவமை உணர்த்துதற்கு உரியது, ஊட்டுதற்கு உரியதன்று.

என் பேர்த்திக்கு மருத்துவர்கள் நுண்ணுயிர் மருந்து கொடுக்கவில்லை. அவள் முப்பத்துமூன்று வாரத்துக் குழந்தை. “தாயின் பாலும் தாயின் மார்பும் இவளுக்குப் போதும்” என்றார் மருத்துவர். என் மகள் முதல் நாள் முதலே சீம்பாலைக் கையாற் பீய்ச்சிக் கொடுத்தாள். ஒருவேளைக்குச் சில துளிகளே கிடைத்தன. அத்துளிகளை வீணாக்காமல் மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குச் செலுத்தினர். சில நாட்களுக்குப்பின் பாலாடையால் புகட்டினர். நம் பாட்டிமார் பயன்படுத்திய அச்சிறு கலத்தை அம்மருத்துவமனையில் கண்டு என் தமக்கையார் முதன்முறையாக முகம் மலர்ந்தார்.

நாள்தோறும் பல மணி நேரம் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படுமாறு அணைத்துக் கட்டிவைத்தனர். தென் அமெரிக்காவில், கொலம்பியாவின் தலைநகராகிய பொகோட்டாவில், எட்கார் ரே என்னும் மருத்துவர் 1978 ஆம் ஆண்டில் தொடங்கிய முறை இது. கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக் காத்தல் போன்றது என்பதால் ‘கங்காரு தாய்மைப் பேணல்’ என்பர். இதனால் குழந்தைக்கு வெப்பம் கிட்டும், பால் மிகும், தாயின் தோலில் வாழும் நுண்ணுயிர்களோடு உறவும் உண்டாகும். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உள்ளிட்ட ஐந்து மருத்துவமனைகளில், 3,211 சிறு குழந்தைகளைக்கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2021 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பிறந்த உடனே இம்முறையைத் தொடங்கியதால், முதல் இருபத்தெட்டு நாட்களில் நேரும் இறப்பு நூற்றுக்கு 15.7 என்பதினின்றும் 12 ஆகக் குறைந்தது என்று அது காட்டியது.

மாணவர்களே, உங்கள் இல்லத்திலும் தெருவிலும் குழந்தைகள் பிறக்கும். அப்போது நீங்கள் கற்றதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்குச் சீம்பாலே முதல் உணவு. தேன், சர்க்கரை நீர், கழுதைப்பால் முதலியவற்றைப் புகட்டுதல் தீது. ஓராண்டு நிறையும்வரை தேன் அறவே ஆகாது. அதனால் கொடிய நச்சுநோய் நேரக்கூடும். குழந்தையைத் தொடுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். நலம் தரும் நுண்ணுயிர் என்று கடையில் விற்பதை மருத்துவர் கூறாமல் வாங்கி ஊட்டுதல் கூடாது. இவற்றைக் கூறும்போது முதியோரை இகழாதீர்கள். தேன் கொண்டுவந்த என் தமக்கையாரின் நெஞ்சில் இருந்தது அன்பே. அவ்வன்புக்கு அறிவின் வழியைக் காட்டியவர் அச்செவிலியர். அதனையும் அவர் இனிய சொற்களாற் காட்டினார்.

முப்பது நாட்களுக்குப் பிறகு எங்கள் பேர்த்தி வீடு வந்து சேர்ந்தாள். இன்று அவள் பள்ளிச் சிறுமி. கிருத்திகை நாட்களில் என் கைபற்றித் தணிகை மலைப் படிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஏறுவாள். நூறு படி கடந்ததும் யான் இளைத்து நின்றுவிடுவேன். அவள் நில்லாது மேலே சென்று, “தாத்தா, வாருங்கள்!” என்று அழைப்பாள். அக்குரலைக் கேட்குந்தோறும், அவளுள் முதன்முதலாகக் குடிபுகுந்த கண்ணுக்குப் புலப்படாத துணைவர்களையும், மழை பெய்த அந்நாட்களில் என் மகள் துளித்துளியாகச் சேர்த்த பாலையும், தோடு என்னும் சொல்லால் எமக்கு அறிவூட்டிய செவிலியரையும் யான் நன்றியோடு நினைக்கின்றேன்.